முதல் கோல்

போன மாதம் பாகூரிலிருந்து என் தங்கை மகன் வந்திருந்தான். கிருமாம்பாக்கம் பக்கம் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். சாப்பிட உட்கார்ந்தவன் இலையைப் பார்க்காமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடா அப்படி?" என்றேன்.

"மாமா, பூல் ஆடக் கத்துக்கறேன். சொந்தமா ஒரு ஸ்டிக் வாங்கணும். ஷாஃப்ட் எது எடுக்கறதுன்னே புரியல" என்று திரையை என் பக்கம் திருப்பினான். 13 மில்லிமீட்டர், 12.4, 11.8 என்று அளவுகள். மேப்பிள், கார்பன் என்று வகைகள். விரலால் தள்ளத் தள்ளப் பட்டியல் போய்க்கொண்டே இருந்தது.

காதுகுத்தன்று அவனை மடியில் வைத்துக்கொண்டவன் நான். "தாய்மாமன் சீரா நானே வாங்கித் தரேன். ஆனா போன்ல பாத்து வேணாம், கையில எடுத்துப் பாத்துத்தான் வாங்கணும்" என்றேன். அன்று இரவு என் மனசு முப்பது வருஷம் பின்னால் போய்விட்டது.

முதலில் ஷாஃப்ட் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். பூல் கோல் பெரும்பாலும் இரண்டு பாதியாக வரும். அடிப்பாதி பருமனாக, பின்கைக்கு அடங்கியிருக்கும். அதோடு மரையில் திருகிப் பூட்டுகிற மெலிந்த முன்பாதிதான் ஷாஃப்ட். உலக்கைக்குப் பூண் போட்ட மாதிரி அதன் நுனியில் ஒரு சின்ன உறை. அதன்மேல் தோலால் ஆன டிப். முன்கை விரல்களுக்கு நடுவே ஓடுவதும், வெள்ளைப் பந்தைத் தொடுவதும் இந்த முன்பாதிதான். கோலின் அழகெல்லாம் அடிப்பாதியில் இருக்கும். ஆட்டம் முன்பாதியில் இருக்கும்.

சுவரில் சாய்ந்திருந்த கோல்கள்

நான் வில்லியனூர்க்காரன். 1993-ல் எனக்குப் பதினேழு வயது. ஆரியபாளையம் பாலம் தாண்டி சைக்கிளில் பாண்டிக்குப் போவேன். அங்கே ஒரு மாடியில் இரண்டு ஸ்னூக்கர் மேசை போட்ட அறை இருந்தது. பன்னிரண்டு அடி நீளம், ஆறு அடி அகலம் என்று ஒவ்வொரு மேசையும் எங்கள் வீட்டுக் கூடத்தை அடைத்துவிடும் அளவு. வாடகை மணிக்கணக்கில். நான்கு பேர் காசு போட்டால் ஒரு மணி நேரம் கிடைக்கும்.

அங்கே தேர்வு என்ற பேச்சே கிடையாது. சுவரோரம் மரச்சட்டத்தில் பத்துப் பன்னிரண்டு கோல்கள் சாய்ந்திருக்கும். முதலில் வந்தவனுக்கு நேரான கோல், பிறகு வந்தவனுக்குக் கோணல் கோல். பணக்கார உறுப்பினர்கள் சிலருடைய சொந்தக் கோல்கள் மட்டும் பூட்டுப் போட்ட தகரக் குழாய்களில் தொங்கும். நாங்கள் அந்தக் குழாய்களை, கோயில் நகைப் பெட்டியைப் பார்ப்பதுபோல் பார்ப்போம்.

எனக்குக் கோல் பார்க்கச் சொல்லிக்கொடுத்தவர் அந்த அறையின் மார்க்கர். நம் ஊர் கிளப்புகளில் மேசையைப் பராமரித்து, கணக்கு வைத்து, கேட்டவர்களுக்கு ஆட்டமும் சொல்லிக்கொடுப்பவரை மார்க்கர் என்றுதான் சொல்வோம். ஒருநாள் நான் கையில் அகப்பட்ட கோலை எடுத்தபோது தடுத்தார்.

"தம்பி, எடுத்ததும் ஆடாத. மொதல்ல உருட்டு."

கோலை மேசையின் பச்சைத் துணிமேல் படுக்க வைத்து உள்ளங்கையால் மெல்ல உருட்டினார். குனிந்து நுனியை மட்டும் பார்க்கச் சொன்னார். ஒவ்வொரு சுற்றுக்கும் நுனி துணியை விட்டு எழும்பி எழும்பி விழுந்தது. "பாத்தியா, நடுவுல வயிறு தள்ளியிருக்கு. இத வெச்சு நீ நேரா அடிச்சாலும் கோணலாத்தான் போவும். தப்பு உன் கையிலயா கோல்லயான்னு உனக்குத் தெரியாமப் பூடும்."

அடுத்த கோலை எடுத்தார். தச்சர் சட்டத்தைப் பார்ப்பதுபோல் ஒரு கண்ணை மூடிக்கொண்டு அடியிலிருந்து நுனிவரை நேர் பார்த்தார். பிறகு விரல் முட்டியால் தட்டினார். எங்கள் வில்லியனூரில் சுடுமண் வேலை பேர்போனது. புவிசார் குறியீடு பெற்ற கைத்தொழில் அது. குயவர் வீட்டில் பானை வாங்கும்போது அம்மா சுண்டிப் பார்த்து, கணீரென்றால்தான் எடுப்பாள். கோலும் அப்படித்தான் என்று அன்று புரிந்தது. டிப் தளர்ந்திருந்தாலோ மரத்தில் விரிசல் இருந்தாலோ ஓசை செத்துப்போகும்.

அந்த மார்க்கர் டிப் மாற்றுவதை மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன். பழைய தோலைப் பிளேடால் சீவி எடுப்பார். பூண் முகத்தை உப்புத்தாளில் தேய்த்துச் சமன் செய்வார். பசை தடவிப் புது டிப்பை வைத்து, சைக்கிள் டியூப்பில் வெட்டிய ரப்பர் நாடாவால் இறுக்கிக் கட்டி இரவு முழுக்க விட்டுவிடுவார். மறுநாள் விளிம்பைச் சீவி, நாணயத்தின் ஓரம்போல் வளைவு கொடுப்பார். ஒரு விரல் அகலம்கூட இல்லாத தோல் துண்டுக்கு இவ்வளவு மரியாதையா என்று அப்போது நினைத்தேன். பந்துக்கும் மனிதனுக்கும் இடையே இருக்கிற ஒரே தொடர்பு அந்தத் துண்டுதான் என்று தெரிய எனக்குச் சில வருஷம் ஆயிற்று.

வால் பிறந்த கதை

எங்கள் தெருவில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்துப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களைப் புதுவையில் சொல்தா என்போம். நான் பில்லியர்ட்ஸ் அறைக்குப் போவது தெரிந்து அம்மா திட்டிக்கொண்டிருந்தபோது, அவர்தான் எனக்காகப் பரிந்து பேசினார்.

"நாங்க ஆடுன மேசையில குழியே கெடையாது தெரியுமா? மூணே மூணு பந்து. ஒரு பந்தால ரெண்டையும் தொடணும். அதுக்குக் கையும் வேணும், புத்தியும் வேணும். பையன் கெட்டுப்போவ மாட்டான் விடும்மா" என்றார். பிறகு என்னிடம், "நீ கோலக் கியூ கியூன்றியே, பிரெஞ்சுல அதுக்கு வால்னு அர்த்தம்" என்றார்.

அவர் சொன்னது சரித்திரம். பழைய காலத்தில் ஐரோப்பாவில் பந்தைத் தள்ளியது அகலமான தலை கொண்ட ஒரு தடி. பந்து மேசை விளிம்போடு ஒட்டி நின்றால் அந்தத் தலை உள்ளே நுழையாது. அப்போது தடியைத் திருப்பி அதன் வாலால் அடித்தார்கள். நாளடைவில் தலை போய், வாலே கோல் ஆனது. வெறும் மரமுனை பந்தில் வழுக்கும். 1800-களின் தொடக்கத்தில் பிரான்சைச் சேர்ந்த கேப்டன் மிங்கோ, சிறையில் இருந்த காலத்தில் கோல் நுனிக்குத் தோல் வைத்து ஆடிப் பார்த்தார் என்பது இந்த விளையாட்டின் வரலாறு. 1827-ல் அவர் பில்லியர்ட்ஸ் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். தோல் வந்த பிறகுதான் பந்தின் ஓரத்தைத் தொட்டுச் சுழல வைக்க முடிந்தது.

ஸ்னூக்கரோ நம் நாட்டிலேயே பிறந்தது. 1875-ல் ஜபல்பூர் ராணுவ விடுதியில் நெவில் சேம்பர்லேன் என்ற ஆங்கிலேய அதிகாரி தொடங்கிய ஆட்டம் அது. அதன் விதிகள் 1882-ல் நம் ஊட்டி கிளப்பில் எழுதி மாட்டப்பட்டன. ஆக, தோல் வைத்த கோல் பிரெஞ்சுக்காரர் வழி, அதை வைத்து ஆடும் ஸ்னூக்கர் நீலகிரி வழி. புதுவைப் பையன் இந்த ஆட்டத்தை அந்நியம் என்று நினைக்க ஒரு காரணமும் இல்லை.

அகன்ற கடையில் அலையும் கண்

இன்று எல்லாம் மாறிவிட்டது. ஸ்னூக்கர் மேசையைவிடச் சிறியது பூல் மேசை. போட்டி அளவே ஒன்பது அடி நீளம்தான். அதனால் சின்ன அறையிலும் அடங்குகிறது. கல்லூரிகள் வந்த பக்கமெல்லாம் ஜூஸ் கடைக்குப் பக்கத்திலேயே ஒரு மேசையைப் பார்க்கிறேன். சிகரெட் புகை சூழ்ந்த அறை என்ற பழைய பெயரும் மெல்ல மறைகிறது. என் மருமகனோடு அவன் வகுப்புப் பெண்களும் ஆட வருகிறார்கள். எங்கள் காலத்தில் அந்த மாடிப்படியில் ஒரு பெண் ஏறி நான் பார்த்ததில்லை. 1958-ல் நம் நாட்டு வில்சன் ஜோன்ஸ் பில்லியர்ட்ஸில் உலக அமெச்சூர் பட்டம் வென்றபோது அது கனவான்களின் கிளப் ஆட்டமாகவே பார்க்கப்பட்டது. 2025 நவம்பரில் தோஹாவில் நடந்த உலக மகளிர் ஸ்னூக்கர் போட்டியில் சென்னைப் பெண் அனுபமா ராமச்சந்திரன் பட்டம் வென்றார். ஆட்டத்தின் கதவு எவ்வளவு அகலமாகத் திறந்திருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

கோலும் மாறிவிட்டது. அன்று மேப்பிள் அல்லது ஆஷ் மரத்தில் ஒரே துண்டாகக் கடைந்த தண்டு. 1990-களில் அமெரிக்காவின் பிரடேட்டர் கம்பெனி, பல மரத் துண்டுகளை வட்டமாக ஒட்டி, நுனியின் எடையைக் குறைத்த ஷாஃப்டைக் கொண்டுவந்தது. 2016-ல் அதே கம்பெனி கார்பன் நாரில் செய்த ஷாஃப்டை விற்பனைக்கு விட்டது. இப்போது பல கம்பெனிகள் அதையே செய்கின்றன.

நுனி எடையை ஏன் குறைக்கவேண்டும்? வெள்ளைப் பந்தை நடுவில் அடித்தால் அது கோல் காட்டிய வழியில் போகும். இடது ஓரத்தில் அடித்தால் பந்து சுழலும், ஆனால் போகிற வழியில் கொஞ்சம் வலப்பக்கம் விலகும். தொடும் அந்தக் கணத்தில் சுழலும் பந்து கோலின் நுனியை ஒரு பக்கம் தள்ளுகிறது. நுனி கனமாக இருந்தால் அது எளிதில் நகராது, பந்துதான் எதிர்ப்பக்கம் விலகும். நுனி இலேசாக இருந்தால் விலகல் குறையும். அடியோடு போய்விடாது. இந்த விலகலைக் குறைப்பதற்குத்தான் இவ்வளவு ஆராய்ச்சி, இவ்வளவு விலை. வெளிநாட்டு கார்பன் ஷாஃப்ட் ஒன்று பத்தாயிரக்கணக்கில் போகிறது.

இங்கேதான் புதிதாக ஆட வருகிறவர்கள் ஏமாறுகிறார்கள். முதல் வருஷம் முழுக்க நீங்கள் கற்கவேண்டியது வெள்ளைப் பந்தின் நடுவை அடிப்பது. முழங்கை அசையாமல், கோல் நேராகப் போய் நேராகத் திரும்புவது. நடுவில் அடிக்கிறவரைக்கும் அந்த விலகல் உங்களைத் தொடவே தொடாது. இன்னும் வராத நோய்க்கு விலை உயர்ந்த மருந்தை ஏன் வாங்கவேண்டும்?

மருமகனுக்கு வாங்கிய கோல்

ஒரு சனிக்கிழமை இருவரும் சென்னைக்கு பஸ் ஏறினோம். கடையில் அவன் கண் முதலில் போனது கறுப்பாக மின்னிய கார்பன் தண்டின்மேல். நான் ஒன்றும் சொல்லவில்லை. கடைக்காரரிடம் சாதாரண மேப்பிள் ஷாஃப்ட் வைத்த கோல்கள் ஐந்தாறு எடுத்து வைக்கச் சொன்னேன்.

"உருட்டுடா" என்றேன்.

முன்பாதியைத் தனியாக, அடிப்பாதியைத் தனியாக, பிறகு இரண்டையும் பூட்டி முழுக்கோலாக என்று மூன்று முறை உருட்ட வைத்தேன். தனித்தனியாக நேராக இருந்து, பூட்டியபின் ஆடினால் கோளாறு மரையில் இருக்கிறது. ஒரு கோல் அப்படித்தான் இருந்தது. பூட்டிய இடத்தில் விரல் நகத்தால் தடவிப் பார்க்கச் சொன்னேன். நகம் எங்கும் இடறக்கூடாது. பூணும் மரமும் சேரும் இடத்திலும் அதே சோதனை.

அடுத்தது மரத்தின் ரேகை. நார் அடியிலிருந்து நுனிவரை நேராக ஓடுகிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தோம். நார் குறுக்கே விலகி ஓடுகிற மரம் பிற்காலத்தில் வளையும் வாய்ப்பு அதிகம்.

நுனி அளவுக்கு வந்தோம். ஸ்னூக்கர் பந்து 52.5 மில்லிமீட்டர். அதற்கு ஒன்பதரை, பத்து மில்லிமீட்டர் டிப் போதும். பூல் பந்து 57 மில்லிமீட்டர், எடையும் கூடுதல். அதற்கு 12-லிருந்து 13 மில்லிமீட்டர்வரை வழக்கம். நம் ஊர் அறைகளில் ஸ்னூக்கர் கோலை வைத்தே பூல் ஆடுகிறார்கள். ஆடலாம், தப்பில்லை. ஆனால் பூல் கற்கத்தான் வாங்குகிறோம் என்றால் 12.5-க்கும் 13-க்கும் இடையில் எடுப்பது நல்லது. மெல்லிய நுனி சுழலைக் கூர்மையாகக் கொடுக்கும், சிறு பிழையையும் கூர்மையாகவே காட்டும். புதுக்கைக்குக் கொஞ்சம் பருத்த நுனியே துணை.

"இத எடுத்து விரல்ல ஓட்டிப் பாரு" என்று 13 மில்லிமீட்டர் ஒன்றைக் கொடுத்தேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்த வளையத்தில் முன்னும் பின்னும் ஓட்டினான். "லேசா போவுது மாமா. ஆனா கொஞ்ச தூரத்துக்கு அப்பறம் வெரல் எறுகுது." அதுதான் தண்டின் ஒடுக்கம். சில ஷாஃப்டில் நுனியிலிருந்து ஓர் அடி தூரம்வரை பருமன் மாறாமல் போய்ப் பிறகு தடிக்கும். சிலவற்றில் நுனியிலிருந்தே படிப்படியாகத் தடித்துக்கொண்டு போகும். முதல் வகையில் விரல் வளையத்தின் இறுக்கம் அடிக்கு அடி மாறாது. அடுத்த கோலை எடுத்து ஓட்டினான். முகம் மலர்ந்துவிட்டது. 12.75 மில்லிமீட்டர் நுனி, 58 அங்குல நீளம், 19 அவுன்ஸ் எடை. அவன் கைதான் தேர்ந்தெடுத்தது. நான் பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான்.

மரையின் அளவை எழுதி வாங்கிக்கொண்டோம். இது சின்ன விஷயம்போல் தெரியும். நாளைக்கு ஷாஃப்டை மட்டும் மாற்றவேண்டும் என்று வந்தால், எல்லா ஷாஃப்டும் எல்லா அடிப்பாதியிலும் பூட்டாது. மரையின் விட்டமும் சுற்றும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. அளவு தெரியாமல் ஆர்டர் போட்டுவிட்டுத் தவிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மழையும் உப்புக்காற்றும்

கடையிலிருந்து கொண்டுவந்த பிறகுதான் உண்மையான பரீட்சை. நாங்கள் கடலோரக்காரர்கள். ஐப்பசி, கார்த்திகையில் பாகூர் ஏரி நிரம்பும் நாட்களில் வீட்டுக்குள் அரிசி மூட்டையே நமுத்துப்போகும். மரம் ஈரத்தை உறிஞ்சும், வெயிலில் விடும். அந்த மார்க்கரின் கோல்கள் வளைந்ததற்குக் காரணம் அவை ஈரச் சுவரில் சாய்ந்தே நின்றதுதான். இன்றைய பிள்ளைகள் வேறு தப்பு செய்கிறார்கள். கோலை வண்டியில் கட்டி வெயிலில் நிறுத்திவிட்டு வகுப்புக்குப் போகிறார்கள்.

ஆடி முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, இரண்டாகப் பிரித்து உறையில் படுக்க வையுங்கள். கை வியர்த்தால் அன்று நாங்கள் பவுடர் கொட்டிக்கொண்டோம், அது மேசைத் துணியைக் கெடுத்தது. இன்று மூன்று விரல் கையுறை கிடைக்கிறது, அது நல்லது. தண்டு பிசுபிசுத்தால் உப்புத்தாளை எடுக்காதீர்கள். தேய்க்கத் தேய்க்க மரம் இளைக்கும், பூண் மட்டும் புடைத்து நிற்கும். எங்கள் அறைக் கோல்கள் அப்படியே வருஷா வருஷம் மெலிந்து செத்தன. சற்றே ஈரமான துணி, உடனே உலர்ந்த துணி. அது போதும்.

கார்பன் ஷாஃப்ட் இந்த ஈரத்துக்கெல்லாம் அசையாது. அது அதன் உண்மையான பெருமை, அதை மறுக்கவில்லை. இரண்டு வருஷம் ஆடி, சுழலைக் கையாளத் தெரிந்து, காசும் இருந்தால் தாராளமாக வாங்கலாம்.

ஒன்றை மட்டும் மருமகனிடம் வாக்கு வாங்கியிருக்கிறேன். ஒரு வருஷம் இந்தக் கோலை மாற்றக்கூடாது. ஸ்காட்லாந்தின் ஸ்டீபன் ஹெண்ட்ரி சிறுவனாக இருந்தபோது வாங்கிய 40 பவுண்டு கோல் ஒன்றை வைத்துத்தான் 1990-க்கும் 1999-க்கும் இடையில் ஏழு உலக ஸ்னூக்கர் பட்டங்களை வென்றார். 2003-ல் விமானப் பயணத்தில் அது உடைந்தபோது, அவர் இழந்தது 40 பவுண்டு மட்டும் இல்லை என்பது இந்த ஆட்டம் ஆடும் எல்லோருக்கும் தெரியும். அத்தனை ஆண்டும் அந்தக் கோலோடு கை பழகிய பழக்கம் போனது.

அன்று எங்களுக்குக் கோல் கிடைக்கவில்லை. கிடைத்ததைப் பிடித்துக்கொண்டோம், அதன் கோணலோடு கையும் கோணிப்போனது. நானே அப்படிப் பழகிய கைதான், இன்றும் பந்தின் நடுவை அடிக்கையில் கொஞ்சம் இடது பக்கம் இழுக்கிறது. இன்று பிள்ளைகளுக்குக் கோல் ஏராளம். மாதம் ஒன்றை மாற்றினால் கை எதையும் பழகாது. இரண்டு காலத்திலும் குறை ஒன்றேதான்: நேரான ஒரே கோலோடு நீண்ட நாள் இருக்க முடியாமல் போவது. அன்று வறுமையால் முடியவில்லை. இன்று முடியும். முடிந்தும் செய்யாவிட்டால் குற்றம் நம்முடையது.

வில்லியனூரிலோ பாகூரிலோ முதல் கோல் வாங்க நினைக்கும் தம்பி தங்கைகளே, உங்களைக் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். திரையில் பார்த்து வாங்காதீர்கள். மூன்று முறை உருட்டிப் பாருங்கள். ஒரு கண்ணை மூடி நேர் பாருங்கள். தட்டி ஓசை கேளுங்கள். விரலில் ஓட்டிப் பாருங்கள். வாங்கிய பிறகு, அதோடு ஒரு வருஷம் இருங்கள்.